நெப்ராஸ்காவின் சிறு பள்ளி மாவட்டங்கள் கலைந்தது எப்படி?

கேள்வி: 1940 வாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்த அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாக அமைப்புகள்) இன்று ஏறத்தாழ 13,000 ஆகச் சுருங்கிவிட்ட நிலையில், நெப்ராஸ்காவின் சிற்றூர் மாவட்டங்கள் 2006 வரை தாக்குப்பிடித்தது எப்படி?

மறுமொழி 1: அவை தொடக்கக் கல்வியை மட்டும் நடத்திய ‘முதல் பிரிவு’ மாவட்டங்கள், ஓர் ஆசிரியரே எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்திய பள்ளிகளும் அவற்றில் உண்டு. பள்ளி வாரியம் உள்ளூர்க்காரர்கள் கையில் இருந்ததால், அதை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு எளிதில் மனம் வரவில்லை.

மறுமொழி 2: 2005இல் ஆளுநரின் மறுப்பையும் மீறி, அவற்றைப் பெரிய மாவட்டங்களோடு இணைக்கும் சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 2006 நவம்பரில் மக்கள் வாக்களித்து அச்சட்டத்தை நீக்கினார்கள். ஆனால் இணைப்போ அந்த ஜூனிலேயே முடிந்திருந்தது. வாக்கெடுப்பு வரை பொறுத்திருக்கலாம் என்பதே என் கருத்து.

கேள்வி கேட்டவர்: அப்படியானால், வென்ற பிறகும் பழைய மாவட்டங்கள் மீளவில்லையா ஐயா?

மறுமொழி 2: இல்லை. சட்டம் போயிற்று, கலைந்த வாரியங்கள் திரும்பவில்லை.