புதுப்பிப்பு: பேரப்பிள்ளைகளுடன் பாசிக்குடா, குறைந்த செலவில்

ஓகஸ்ட் விடுமுறைக்கு அம்மாவும் அப்பாவும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செலவு குறைவாக எங்கே போகலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அறுகம்பைக் கடற்கரையை விட்டுவிட்டு, மட்டக்களப்புப் பக்கம் இருக்கிற பாசிக்குடாக் கடற்கரைக்கே போனார்கள்.

"கடற்கரை ஹோட்டல் வேண்டாம், கல்குடாப் பக்கம் குசினியோடு வீடு எடுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது; அரிசி, தேங்காய், தூள் எல்லாம் வீட்டிலிருந்தே போனதால் மீன் மட்டும் பக்கத்து ஊரான வாழைச்சேனையில் வாங்கி அம்மாவே சொதி வைத்தா, சாப்பாட்டுச் செலவில் நல்ல மிச்சம். மட்டக்களப்பிலிருந்து கல்குடாவுக்கு ரயில், அப்புறம் ஓட்டோ.

எதிர்பாராதது, முழங்கால் வலியோடு போன அம்மாவும் அந்த ஆழமில்லாத கடலில் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டா, கரைக்குக் கூப்பிடுவதே பெரும்பாடு. மதியம் மணல் கால் வைக்க முடியாமல் சுடும், காலையிலோ நாலு மணிக்குப் பிறகோ இறங்குங்கள். ஒக்டோபருக்குப் பிறகு மழைக்காலம், அதற்குள் போவது நல்லது.