பள்ளி லோகோவுக்கு யோசனை வேண்டும்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். ராயப்பேட்டை பக்கம் நாங்கள் நடத்தும் சின்ன இஸ்லாமியப் பள்ளிக்குப் புது லோகோவும் பெயர்ப் பலகையும் செய்ய வேண்டியிருக்கிறது. வரைந்து தந்தவர் பச்சை நிறத்தில் வெங்காய வடிவக் குவிமாடம், பிறை, கூடவே பேரீச்ச மரமும் போட்டிருக்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இது துபாயிலோ ரியாத்திலோ உள்ள பள்ளி மாதிரி இருக்கிறது, நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ்.

கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசலில் செதுக்கிய கல்தூண்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த வேலைப்பாடு நம்முடையது, அதே சமயம் தொழுகைக்கான இடமும் அதுதான். தமிழையே அரபு எழுத்தில் எழுதிய அர்வி இருக்கிறது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகக் கூடுதல் புள்ளி வைத்துப் புது எழுத்துகளே உண்டாக்கினார்கள். இவ்வளவு இருக்கும்போது வெளியிலிருந்து ஏன் எடுக்க வேண்டும்? கமிட்டியில் சில பெரியவர்கள், பிறை இல்லாவிட்டால் பெற்றோர் நம்ப மாட்டார்கள் என்கிறார்கள், அந்தப் பயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். தூண் வேலைப்பாடு கோயில் மாதிரி தெரியும் என்றும் ஒருவர் சொன்னார்.

சரி, கேட்க வந்தது இதுதான்: தமிழ் எழுத்தைப் பெரிதாக வைத்து, அர்வியைக் கீழே சேர்த்து வரையத் தெரிந்த ஓவியர் சென்னையில் யாராவது இருக்கிறார்களா? கீழக்கரை, காயல்பட்டினம் தூண்களைக் கிட்டத்தில் எடுத்த படங்கள் இருந்தாலும் அனுப்புங்கள். அப்புறம், பிள்ளைகளை இப்படிப்பட்ட பள்ளியில் சேர்த்த பெற்றோர், பலகையில் முதலில் எதைப் பார்த்தீர்கள் என்று சொன்னால் கமிட்டியில் பேச எனக்கு உதவும்.