டைப் சி முனை போட்ட வீட்டுக் கேபிள்: மீட்டர் 5.08 காட்டுது, போன் அசையவே இல்லை

கேள்வி (தலவாக்கலை)
லயத்து வீட்டில் பிளக் பாயிண்ட் வாசல் பக்கம் ஒன்றுதான். கட்டில் வரைக்கும் 2 மீட்டர் கேபிள் வேணும். பழைய யூஎஸ்பி கேபிள் வயரில் ரெண்டு செய்திருக்கேன். சிவப்பையும் கறுப்பையும் மட்டும் பற்றவைத்தேன், வெள்ளை, பச்சை ரெண்டையும் வெட்டிவிட்டேன். மைக்ரோ முனை போட்டது சார்ஜ் ஆகுது, ஆனா யூஎஸ்பி மீட்டரில் 0.45 ஆம்பியருக்கு மேல ஏறவில்லை. டைப் சி முனை போட்டதில் போன் அசையவே இல்லை. அந்த முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 5.08 வோல்ட் வருது. சார்ஜர் 5 வோல்ட், 2 ஆம்பியர். எங்கே பிழை, அண்ணன்மாரே?

பதில் (ஹட்டன்)
தம்பி, ரெண்டு கேபிளுக்கும் வேற வேற நோய்.

முதலில் டைப் சி. அந்தப் போனுக்கு 5 வோல்ட் மட்டும் போதாது. டைப் சியில் என்ன மாட்டியிருக்கு என்று போன் அறிவது சிசி என்ற தனிப் பின்னால். போனுக்குள்ளே அந்த சிசி பின்னிலிருந்து எர்த்துக்கு 5.1 கிலோ ஓம் இருக்கு. கேபிள் முனையில் 5 வோல்ட்டுக்கும் சிசிக்கும் நடுவே 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் நீங்க போடணும். அப்போ சிசியில் சுமார் 0.42 வோல்ட் நிற்கும். அதைப் பார்த்துத்தான் போன் 'சார்ஜர் வந்திருக்கு' என்று எடுத்துக்கொள்ளும். உங்க முனையில் அந்த ரெசிஸ்டர் இருக்காது.

கடையில் வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. சின்ன போர்டோட வரும் முனைகளில் சிலது ஓடிஜிக்கு, அதாவது பென்டிரைவ் மாதிரி சாமானைப் போனில் மாட்டுறதுக்குச் செய்தது. அதில் 5.1 கே எர்த்துக்குப் போயிருக்கும். அதைப் போட்டால் போன் கரண்டை எடுக்காது, வெளியே கொடுக்கப் பார்க்கும். அடுத்தது நிறம். 56 கே என்றால் பச்சை, நீலம், செம்மஞ்சள். பச்சை, நீலம், சிவப்பு வந்தால் அது 5.6 கே, வேலைக்கு ஆகாது. போர்டில் ஒட்டும் சின்ன வகை என்றால் 563 என்று எழுதியிருக்கணும், 562 இல்லை.

10 கே போட்டால் வேகமாக ஏறும் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. சிசியில் 1.69 வோல்ட் வந்து, 3 ஆம்பியர் கிடைக்கும் என்று போன் நம்பிவிடும். 2 ஆம்பியர் சார்ஜர் சூடேறி அணையும், இல்லை கருகும்.

பதில் (பண்டாரவளை)
5.08 வோல்ட்டை நம்பவேண்டாம். கரண்ட் ஓடாத நேரத்தில் தலைமுடி மாதிரி வயரிலும் 5 வோல்ட் காட்டும். 4.7 ஓம், 10 வாட் சிமெந்து ரெசிஸ்டர் ஒன்றை முனையில் மாட்டிவிட்டு அளங்க. அது ஒரு ஆம்பியர் அளவு இழுக்கும். அது நல்லாச் சூடாகும், ஓட்டுத் துண்டு மேல வைங்க, கையில் பிடிக்கவேண்டாம்.

கேள்வி கேட்டவர்
4.30 வோல்ட்டுக்கு இறங்கிடுச்சு அக்கா.

பதில் (பண்டாரவளை)
அப்போ 0.78 வோல்ட் வழியிலேயே போகுது. 4.30ஐ 4.7ஆல் வகுத்தால் 0.915 ஆம்பியர். 0.78ஐ அதால் வகுத்தால் 0.85 ஓம். 28 கேஜ் (கேஜ் என்பது வயரின் தடிப்பு, எண் கூடினால் வயர் மெல்லிசு) செம்புக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.213 ஓம், போகவும் வரவும் 4 மீட்டர் என்றால் அதே 0.85. உங்க பற்றுதலில் குறை இல்லை, வயர்தான் மெல்லிசு.

லேன் கேபிள் 2 மீட்டர் வாங்குங்க. உள்ளே 24 கேஜ் செம்பு எட்டு இருக்கும். நீல ஜோடியை டேட்டாவுக்கு ஒதுக்குங்க, முறுக்கைப் பிரிக்காம. மீதி மூன்று ஜோடியில் முழு நிறம் மூன்றையும் சேர்த்து 5 வோல்ட்டுக்கு, வெள்ளைக்கோடு போட்ட மூன்றையும் சேர்த்து எர்த்துக்கு. மொத்தம் 0.11 ஓம் அளவுக்கு வந்திடும். வாங்கும் முன் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையாக மின்னினால் அலுமினியத்தில் செம்பு பூசினது, அதில் ஈயமும் சரியாகப் பிடிக்காது.

இது ஒற்றைக் கம்பி, மடித்து மடித்து எடுத்தால் முனைக்கிட்ட முறியும். ரெண்டு பக்கமும் கடைசி 10 சென்ரிமீட்டருக்கு 22 கேஜ் பல இழை வயரைச் சேருங்க. மூன்று கம்பியை அந்தச் சின்ன முனைக்குள்ளே நுழைக்கவும் முடியாது. இணைப்புகளை ஒன்றுக்கொன்று ஒரு சென்ரிமீட்டர் தள்ளிப் போட்டால் ஒன்றோடொன்று முட்டாது.

பதில் (ஹட்டன்)
அந்த 0.45க்குக் காரணம் வெட்டிவிட்ட வெள்ளையும் பச்சையும். சார்ஜருக்குள்ளே அந்த ரெண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், அதைக் கண்டுதான் பல போன்கள் கூட இழுக்கும். தெரியாவிட்டால் 0.5 ஆம்பியரோட நின்றுவிடும்.

பதில் (மஸ்கெலியா)
போன் பக்க முனையிலேயே வெள்ளையையும் பச்சையையும் சேர்த்து ஒரு துளி ஈயம் விட்டால் முடிஞ்சுது. எதுக்கு நாலு வயர்?

பதில் (ஹட்டன்)
ஓடும் அண்ணே, ஆனா அந்தக் கேபிளை யாராவது கம்ப்யூட்டரில் குத்தினால் போன் 1.5 ஆம்பியர் வரைக்கும் கேட்கும். யூஎஸ்பி 2 போர்ட் கொடுக்கிறது 0.5 தான். டேட்டா வயர் வழியாகப் பேசும் வேகச் சார்ஜும் போயிடும். நாலு வயரும் கொண்டுபோறதே சரி.

நிறத்தை நம்பிப் பற்றவைக்காதீங்க, தம்பி. மலிவுக் கேபிளில் நிறம் மாறி வரும். மல்டிமீட்டரை பீப்பில் (ரெண்டு முனையும் இணைந்திருந்தால் சத்தம் போடும் நிலை) வைத்துப் பாருங்க: யூஎஸ்பி ஏ முனையில் ஓரத்து நீளமான ரெண்டும் 5 வோல்ட்டும் எர்த்தும், நடுவில் உள்ள குட்டை ரெண்டும் டேட்டா.

பதில் (நுவரெலியா)
இந்தப் பனிக்கு ஒரு வார்த்தை. குழாய் வேலைக்கான ஆசிட் பேஸ்ட்டைத் தொடவேண்டாம். மிச்சம் ஈரத்தை இழுத்து பச்சைக் களிம்பு பூக்கும். ரோசின் உள்ள 60/40 ஈயம், 25 வாட் அயன் போதும். பற்றினதும் ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்து, நல்லா உலர்ந்த பிறகே மூடுங்க. குளூ கன் பசை சூட்டில் இளகும், எபொக்சி நல்லது.

போனில் மாட்டும் முன் 5 வோல்ட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே பீப் வரக்கூடாது. சிசிக்கும் எர்த்துக்கும் ஒரு 5.1 கே பிடித்து அளந்தால் 0.42 வரணும். அதுக்குப் பிறகு சிமெந்து ரெசிஸ்டர், கடைசியாகத்தான் போன்.

கேள்வி கேட்டவர்
லேன் வயரில் மாற்றிட்டேன். சிசி 0.42, ரெசிஸ்டரோட 4.92. போன் சார்ஜ் ஆகுது. ஆனா தங்கச்சியின் போனில் முனையை ஒரு பக்கம் குத்தினால்தான் ஏறுது, திருப்பிக் குத்தினால் இல்லை. ரெசிஸ்டரை மறுபக்கமும் போடணுமா?

பதில் (ஹட்டன்)
வேண்டாம். கேபிள் முனையில் சிசி ஒன்றுதான், ஆனா போன் ஓட்டையில் ரெண்டு. திருப்பினால் அது அடுத்த சிசியில் போய் உட்காரும். உங்க போனில் ரெண்டு பக்கமும் ஏறுதென்றால் கேபிள் நல்லா இருக்கு. தங்கச்சி போனில் அந்த ஒரு சிசி பின்னில் களிம்போ பஞ்சோ இருக்கும். போனை அணைச்சுட்டு பல்குத்தும் குச்சியால் மெதுவாகப் பஞ்சை எடுங்க, பிறகு பிரஷில் துளி அல்கஹோல் தொட்டு உள்ளே தேய்ங்க. ஒரு மணி நேரம் காயவிட்டு மாட்டிப் பாருங்க. அப்பவும் ஒரே பக்கம்தான் என்றால் அந்த போனின் போர்ட்டை மாற்றணும்.