ஆக்ஸோலாட்டிலை மூணு வாரத்துக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க் கொண்டுபோகணும்: தொட்டியோடவா, தனியாவா?

நீர்ப்பல்லி_சாட்ஸ்வொர்த்

எல்லாருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்துல இருக்கேன். காவடி முடிஞ்ச கையோட வீட்டுத் தரையை உடைச்சு டைல்ஸ் போடுறாங்க, மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஆக்ஸோலாட்டிலை (செவுளோட தண்ணியிலேயே வாழற சாலமாண்டர்) பீட்டர்மாரிட்ஸ்பர்க் நார்த்டேல்ல தங்கச்சி வீட்டுல வைக்கணும்.

விவரம்: ஒரே ஒரு ஆக்ஸோலாட்டில், 22 செ.மீ. தொட்டி 90×45×45, தண்ணி 150 லிட்டர், அடியில 2 செ.மீ. நைஸ் மணல். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளிய நிக்கிற மூடின டப்பா) ஒண்ணு, ஏர் பம்புல ஓடுற ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒண்ணு, ரெண்டுமே ஒரு வருஷமா ஓடுது. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 (எல்லாம் லிட்டருக்கு மி.கி.). ரூம் ஏசி இருக்கறதால தண்ணி 18 டிகிரியில நிக்குது. தங்கச்சி வீட்டுல ஏசி கிடையாது.

தொட்டியைப் பக்கியில (பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டி) ஏத்திடலாமா? அடியில மணலும் நாலு விரக்கடை தண்ணியும் விட்டுத் தூக்கினா, கழிவு அம்மோனியாவை நைட்ரேட்டா மாத்தற பாக்டீரியா சாகாதுன்னு ஒருத்தர் சொன்னார். வழியில சூட்டுக்கு என்ன பண்றது?

தொட்டிக்காரர்

தொட்டியைத் தூக்காதீங்க. அந்த அளவுத் தொட்டிக்கு வெறும் கண்ணாடியே முப்பது கிலோவுக்கு மேல வரும். நீங்க சொல்ற மணலும் தண்ணியும் சேர்ந்தா இன்னொரு அம்பது கிலோ. வண்டி குலுங்கும்போது தண்ணி ஒரு பக்கம் அடிச்சு, அடிக்கண்ணாடி முறுக்கிக்கும். சிலிக்கான் இணைப்பு அங்கேயே விட்டுப்போகும். உடனே கசியாது, திரும்ப நிரப்பி ரெண்டு நாள் கழிச்சுதான் கசியும். மணலைக் கலக்கினா அடியில தேங்கின கழிவும் கெட்ட வாயுவும் தண்ணியில ஏறும்.

மூணு வாரத்துக்கு உயிரோட போகவேண்டியது ரெண்டே ரெண்டு: ஆக்ஸோலாட்டில், ஃபில்டர்ல இருக்கிற பாக்டீரியா. தங்கறதுக்கு 60 லிட்டர் பிளாஸ்டிக் ஸ்டோரேஜ் டப் போதும், மூடி இறுக்கமா மாட்டறதா பாருங்க (துள்ளி வெளிய விழும்), மூடியில பத்துப் பன்னெண்டு ஓட்டை போடுங்க. உள்ள தெரியாத நிறம்னா நல்லது, அதுக்கு கண்ணிமை இல்ல, வெளிச்சம் பிடிக்காது. சோப்பு போடாம வெந்நீர்ல மட்டும் கழுவுங்க.

ஸ்பாஞ்ச் ஃபில்டரை அப்படியே எடுத்துட்டுப் போங்க. கேனிஸ்டரை 60 லிட்டருக்கு ஓட்டாதீங்க, இழுப்பு தாங்காது. அதுல இருக்கிற செராமிக் வளையத்துல பாதியை வலைப்பையில போட்டு ஸ்பாஞ்சுக்குப் பக்கத்துல வைங்க. ஸ்பாஞ்சும் வளையமும் தொட்டித் தண்ணியிலேயே முங்கி, மூடி லேசாத் திறந்த வாளியில வரணும். தண்ணி நிரம்பின கேனிஸ்டரை மூடியே கொண்டுபோனா சில மணி நேரத்துல உள்ள ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா அழுகும். போனதும் முதல் வேலை ஏர் பம்பை ஓட்டறது, ரெண்டாவதுதான் மத்ததெல்லாம்.

மணல்லயும் பாக்டீரியா இருந்துச்சு, அது இப்ப வரப்போறதில்ல. அதனால முதல் வாரம் வழக்கமாப் போடற மண்புழுவுல பாதி போதும்.

குளிர்தண்ணி

பயணத்துக்கு என் யோசனை:

கிளம்பறதுக்கு 48 மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டை நிறுத்துங்க. வயித்துல இருந்தா வாளிக்குள்ள கக்கிடும், கொஞ்சத் தண்ணியில அது விஷம். வளர்ந்த ஆக்ஸோலாட்டிலுக்கு ரெண்டு நாள் பட்டினி ஒண்ணும் பண்ணாது. வலையில பிடிக்காதீங்க, செவுள் இழையும் விரலும் கண்ணியில மாட்டும். டப்பாவைத் தண்ணிக்குள்ள சாய்ச்சு, அதுவா நீந்தி உள்ள வரவிட்டுத் தூக்குங்க.

மூடியுள்ள 10 லிட்டர் வாளி, தொட்டித் தண்ணி பாதிக்கும் கீழ. நிறைய தண்ணி இருந்தா அலையடிச்சு சுவத்துல மோதும். முதுகு நல்லா முங்கினா போதும், மேல காத்து இருக்கணும். அந்த வாளியைப் பெரிய கூலர் பாக்ஸ்ல இறக்கி, உறைஞ்ச அரை லிட்டர் பாட்டிலைத் துண்டுல சுத்தி வாளிக்கு வெளிப்பக்கம் வைங்க. தண்ணிக்குள்ள ஐஸ் போடாதீங்க. நாலஞ்சு லிட்டர்ல அந்த ஒரு பாட்டில் உள்ள இறங்கினாலே பத்து டிகிரி சரிஞ்சிடும்.

பக்கியோட பின்பக்கம் வேண்டாம், கேனோப்பி (மேல்மூடி) போட்டிருந்தாலும் அது அடுப்பு. காருக்குள்ள, முன்சீட்டுக்குப் பின்னாடி தரையில வைங்க. ஏசி போட்டு, காலை ஆறு மணிக்கு முன்ன கிளம்புங்க. 80 கிலோமீட்டர்னாலும் என்3 நெடுஞ்சாலையில சாலை வேலையும் லாரி நெரிசலும் இருக்கு, ரெண்டரை மணி நேரக் கணக்குல தயாராகுங்க. அந்த நேரத்துக்கு காத்துக்குழாய் தேவையில்ல. நடுவழியில மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீங்க.

டோங்காட்_அக்கா

தண்ணியைப் பத்தி யாரும் சொல்லலையே தம்பி. ரெண்டு ஊருக்கும் பெரும்பாலும் உம்கேனி ஆத்து அணைத் தண்ணிதான், அதனால பெரிய வித்தியாசம் வராது. ஆனா தங்கச்சி வீட்டுல ஜோஜோ டேங்க் (மழைத்தண்ணி பிடிக்கிற பிளாஸ்டிக் தொட்டி) இருந்து, "மழைத்தண்ணி சுத்தம்தானே"ன்னு அதுல நிரப்பிடப் போறாங்க. வேண்டவே வேண்டாம். மழைத்தண்ணியில தாது கிடையாது, கூரை அழுக்கு வேற. தாங்கிப்பிடிக்க ஒண்ணும் இல்லாததால பிஎச் (தண்ணியோட அமில-கார அளவு) திடீர்னு இறங்கும், ஃபில்டர் பாக்டீரியாவும் வேலையை நிறுத்திடும்.

குழாய்த் தண்ணி, குளோரின் நீக்கி, அவ்வளவுதான். சீக்கெம் பிரைம்ங்கிற குளோரின் நீக்கி மருந்து வச்சிருந்தா 40 லிட்டருக்கு 1 மில்லி. டப்புக்கு ஒன்றரை மில்லி. வேற மருந்துன்னா கத்தாழை கலக்காததா பாருங்க.

கரண்ட் போகிறதுக்கு: யூஎஸ்பி ஏர் பம்ப் ஒண்ணும் பவர் பேங்க்கும் வாங்கி வைங்க. பம்பைத் தண்ணி மட்டத்துக்கு மேல வைக்கணும், இல்லன்னா குழாய்ல ஒருவழி வால்வு போடணும். பம்ப் நின்னதும் தண்ணி குழாய் வழியாத் திரும்பி இறங்கி, தரையும் பம்பும் நனையும்.

நீர்ப்பல்லி_சாட்ஸ்வொர்த்

எல்லாம் நீங்க சொன்னபடியே பண்ணேன், நல்லபடியாப் போய்ச் சேர்ந்துச்சு. வாளியில 19 டிகிரிதான். இன்னிக்கு அஞ்சாவது நாள், இப்பதான் சிக்கல். அம்மோனியா 0.5, நைட்ரைட் 0.25. செவுள் முகத்துப் பக்கமா வளைஞ்சிருக்கு, வால் நுனி கொக்கி மாதிரி மடங்குது, நேத்து மண்புழுவைத் திரும்பியும் பார்க்கல. தங்கச்சி காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு ரெண்டு லிட்டர் பாட்டில் ஐஸ் போடறா. மேலேர்ந்து ஃபேனும் ஓடுது. ஸ்பாஞ்ச் வழவழன்னு இருந்துச்சுன்னு மூணாம் நாள் குழாய்ல அலசிட்டாளாம்.

தொட்டிக்காரர்

அலசினதுதான் அம்மோனியாவுக்குக் காரணம். அந்த வழவழப்புலதான் பாக்டீரியா குடியிருக்கு, குழாய்த் தண்ணியில இருக்கிற குளோரின் அதுல பெரும்பகுதியைக் கொன்னிருக்கும். வலைப்பையில இருந்த வளையத்தைத் தொடலன்னு நினைக்கிறேன், அதனாலதான் 0.5ல நிக்குது. வளையத்தை யாரும் தொடவேண்டாம்.

இன்னிக்கு ரெண்டு தடவை பாதித் தண்ணி மாத்துங்க, நடுவுல நாலு மணி நேரம் விடுங்க. 0.5 இருந்தது 0.12 பக்கம் வந்துடும். நாளையிலிருந்து தினம் ஒரு தடவை பாதி, ரெண்டு எண்ணும் தொடர்ந்து மூணு நாள் 0 காட்டறவரைக்கும். மாத்தறதுக்கு முன்னாடி அளந்து எழுதி வைங்க, மாத்தின பிறகு அளந்தா ஒண்ணும் தெரியாது. டெஸ்ட் கிட் எந்தக் கம்பெனின்னாலும் குப்பியைக் குலுக்கி, அதுல போட்டிருக்கிற நிமிஷம் காத்திருந்துதான் நிறம் பாருங்க. பிஎச்சும் பாருங்க: பிஎச் ஒரு புள்ளி ஏறினா அம்மோனியாவோட விஷப் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும். அதனால 0.5ங்கிற எண்ணை மட்டும் பார்த்து ஆறுதல் அடையாதீங்க.

மண்புழு ரெண்டு நாளைக்கு வேண்டாம். அது தின்னாம கிடக்கிற புழுவும் அம்மோனியாதான்.

குளிர்தண்ணி

வால் மடங்கறதுல சூட்டுக்கும் பங்கு இருக்கு. கணக்கைப் பாருங்க. ஒரு கிலோ ஐஸ் உருகி 18 டிகிரிக்கு வர ஏறத்தாழ 98 கிலோகலோரி இழுக்கும். ரெண்டு லிட்டர் பாட்டில்னா 196. அதை 60 லிட்டரால வகுத்தா 3.3 டிகிரி. ஒரே மூச்சுல மூணு டிகிரி இறங்கி, மத்தியானம் திரும்ப ஏறி, ராத்திரி இன்னொரு தடவை இறங்குது. 18ல நிக்கிற தண்ணியை விட 17க்கும் 21க்கும் நடுவுல ஊஞ்சலாடற தண்ணி அதை அதிகமா வாட்டும்.

அதையே அரை லிட்டர் பாட்டிலாப் பிரிங்க. ஒண்ணுக்கு 0.8 டிகிரிதான். காலை ஏழு, பதினொண்ணு, மூணு, ஆறு, ராத்திரி பத்து. பாட்டில்ல மேல ரெண்டு விரல் இடம் விட்டு உறையவைங்க, தண்ணி உறைஞ்சா பெருக்கும். டப்பைச் சுத்தி பழைய கம்பளி கட்டுங்க, சிமென்ட் தரையிலேயே வைங்க, மேசை மேல வேண்டாம். ஃபேன் இருக்கட்டும், ஆனா இங்கத்த பிப்ரவரிக் கோடை ஈரக்காத்துல ஓரிரண்டு டிகிரிக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

பெரிய பாட்டிலுக்கு வேற வேலை இருக்கு. மாத்தப்போற தண்ணியை முதல் நாள் ராத்திரியே 25 லிட்டர் ட்ரம்ல பிடிச்சு மருந்து விட்டு, ரெண்டு லிட்டர் பாட்டிலை அதுல போடுங்க. 25 டிகிரியில வர்ற குழாய்த் தண்ணி 17 பக்கம் இறங்கும். டப்புக்கும் ட்ரம்முக்கும் ரெண்டு டிகிரிக்கு மேல வித்தியாசம் இருந்தா ஊத்தாதீங்க.

காத்துக்குழாய் குமிழி நேரா அது மேல அடிக்குதான்னும் பாருங்க. இழுப்பு அதிகமானாலும் செவுள் முன்னால வளையும். இழையெல்லாம் பஞ்சு மாதிரி விரிஞ்சு, பின்பக்கம் சாய்ஞ்சு ஆடினா நல்லா இருக்குன்னு அர்த்தம். செவுள்ல வெள்ளையா நூல்நூலா ஒட்டியிருந்தா அது பூஞ்சை, படத்தோட உடனே எழுதுங்க.

நீர்ப்பல்லி_சாட்ஸ்வொர்த்

ஒன்பதாவது நாள்: அம்மோனியா 0, நைட்ரைட் 0.1க்கும் கீழ. நாள் முழுக்க 18லிருந்து 19. வால் நிமிர்ந்துடுச்சு, ராத்திரி ஒரு மண்புழு தின்னுச்சு. திரும்பிக் கூட்டிட்டு வரும்போது என்ன வரிசையில பண்ணணும்?

டோங்காட்_அக்கா

டைல்ஸ் இடுக்குல பூசற சிமென்ட் தூள் தண்ணியில விழுந்தா பிஎச் ஏறும். அதனால வேலை முடிஞ்சு வீட்டை ஈரத்துணி போட்டு ரெண்டு தடவை துடைச்ச பிறகுதான் தொட்டியை உள்ள கொண்டுவாங்க. ஓரத்துல சிலிக்கான் அடிச்சிருந்தா அந்த வினிகர் நெடி சுத்தமாப் போகணும். தொட்டியை வெறும் தண்ணியில கழுவி, மணலை வாளியில கலக்கிக் கலக்கி, தண்ணி தெளியறவரைக்கும் ஊத்துங்க.

நிரப்பி, மருந்து விட்டு, ஏசியில ஒரு நாள் முழுக்க விடுங்க, 18 வரட்டும். அதுக்கப்புறம் ஸ்பாஞ்ச், வளையம், ஆக்ஸோலாட்டில் மூணும் ஒரே நாள்ல, ஒரே கார்ல வரணும். ஸ்பாஞ்சை முதல்ல கொண்டுவந்து காலித் தொட்டியில ஓட்டினா பாக்டீரியாவுக்குச் சாப்பாடு இல்ல. பத்து நாளைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் அளந்து பாருங்க. தங்கச்சிகிட்டேர்ந்து வாளியை நீங்களே வாங்கி வச்சுக்கங்க, இல்லன்னா சோப்பு போட்டுக் கழுவிடப் போறா.