மிஸ்ஃபயர், பிரேக் ஃபேட், வேப்பர் லாக்: பழைய கார் கையேட்டுக்குச் சொல் தேவை

திருச்சியிலிருந்து:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதி வருகிறேன். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகள். கார்புரேட்டரும், பொறிக்காகக் காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்டும் இருந்த காலத்து வண்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றை இன்றைக்கு வாங்கி ஓட்டுபவர்கள் பலர் இளைஞர்கள். பாயிண்ட் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் கிடைப்பதில்லை. அதனால் கோளாறை அவர்களே கண்டுபிடிக்க உதவும்படி எழுத வேண்டியிருக்கிறது.

பாகங்களின் பெயரில் எனக்குத் தொல்லை இல்லை. பிரேக், பிளக், காயில், கண்டென்சர் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன். கடையில் போய் 'பொறிச்செருகி கொடுங்கள்' என்று யாரும் கேட்கப் போவதில்லை. கோளாறின் பெயரில்தான் மாட்டிக்கொள்கிறேன். இப்போதைக்கு எழுதி வைத்திருப்பவை இவை:

மிஸ்ஃபயர் – தவறெரிவு
பிரேக் ஃபேட் – தடை மங்கல்
வேப்பர் லாக் – ஆவிப்பூட்டு

மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை. முதல் சொல்லுக்குப் 'பொறிதப்பல்' என்று நண்பர் ஒருவர் சொன்னார். உங்கள் கருத்து வேண்டும்.

———

கோவையிலிருந்து:

வணக்கம். நான் மொழி படித்தவன் இல்லை, பட்டறைக்காரன். அதனால் இந்தச் சொற்கள் வண்டிக்குப் பொருந்துகின்றனவா என்பதை மட்டும் சொல்கிறேன்.

> மிஸ்ஃபயர் – தவறெரிவு

இது சரியில்லை. தவறாக எரிந்தது என்றல்லவா ஆகிறது? அப்படி எரிவதும் உண்டு. சைலன்சரில் 'டப்' என்று வெடிப்பது அந்த வகை. ஏற்றத்தில் கல் குலுங்குகிற மாதிரி இன்ஜின் தட்டுவதும் அந்த வகை. மிஸ்ஃபயர் அது இல்லை. எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் போவது அது. பட்டறையில் 'வண்டி மிஸ்ஸிங் அடிக்குது' என்போம். நாலு சிலிண்டர் இன்ஜின் ஐடிலில் 800 சுற்று ஓடினால் நிமிடத்துக்கு 1600 முறை எரிய வேண்டும். ஒரு சிலிண்டர் செத்தால் அதில் 400 போய்விடும். காதில் கேட்பது அந்த இடைவெளிதான். சைலன்சர் வாயில் உள்ளங்கையைப் பிடித்தால் கையிலேயே தெரியும்.

> 'பொறிதப்பல்' என்று நண்பர் ஒருவர் சொன்னார்

இதைக் கட்டாயம் வேண்டாம் என்பேன். படிக்கிறவர் பொறியைத் தேடிக்கொண்டு பிளக்கையும் காயிலையும் மாற்றிப் பணத்தைச் செலவழிப்பார். பொறி ஒழுங்காக வந்தும் எரியாமல் போகலாம். எக்சாஸ்ட் வால்வு கருகிக் கம்ப்ரெஷன் போயிருக்கலாம். மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியாகக் காற்று இழுத்துக் கலவை மெலிந்திருக்கலாம். பெயரே காரணத்தைத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

கையேட்டில் இந்த வரிசையில் எழுதலாம். இன்ஜின் ஓடும்போது, கைப்பிடிக்கு நல்ல இன்சுலேஷன் உள்ள ஸ்க்ரூடிரைவரின் தண்டை முதலில் இன்ஜின் பிளாக்கில் வைத்துக்கொண்டு நுனியைப் பிளக்கின் தலையில் தொட வேண்டும். அந்தப் பிளக் சாகும். ஓட்டம் தடுமாறினால் அது வேலை செய்துகொண்டிருந்த சிலிண்டர். ஒரு மாற்றமும் இல்லையென்றால் கோளாறு அங்கேதான். அப்புறம் அந்தப் பிளக்கைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட வேண்டும். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் பிளக். மாறாமல் பழைய சிலிண்டரிலேயே நின்றால் பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கம்ப்ரெஷன் என்று அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். மூடிக்குள் பென்சில் கோடு போட்ட மாதிரி மெல்லிய கருப்புத் தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மின்சாரம் அந்த வழியாகத் தப்பி ஓடும். மழைக்காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் மூடியைத் துணியால் துடைத்தாலே பாதி கிளம்பிவிடும்.

ஒரு சிலிண்டர் என்று இல்லாமல் எல்லாம் மாறி மாறித் தப்பினால் பாயிண்டுக்குப் போகலாம். இன்னும் பலர் 'பிளாட்டினம் பாயிண்ட்' என்கிறார்கள். உள்ளே இருப்பது டங்ஸ்டன். அம்பாசடரின் பழைய 1489 சிசி இன்ஜினுக்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கேமில் உரசுகிற குதிங்கால் தேயத் தேய இடைவெளி குறையும். கூடவே டைமிங்கும் (பொறி வரும் நேரம்) பின்தங்கும், வண்டி இழுக்காது. பாயிண்ட் முகம் சீக்கிரம் சீக்கிரமாகக் கருகினால் கண்டென்சரைச் சந்தேகப்பட வேண்டும். அப்போது பொறி நீலமாகப் பளிச்சென்று வராமல் மஞ்சளாக, சோம்பலாக வரும். பிளக் இடைவெளி சுமார் 0.64 மில்லிமீட்டர். பில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இல்லாத பட்டறைகளில் ஆக்சா பிளேடை நுழைத்துப் பார்ப்பார்கள். கிட்டத்தட்ட அதே கனம் என்பதால் பிளக்குக்கு அது ஓடும். பாயிண்டுக்கு ஓடாது, அதையும் கையேட்டில் சொல்லிவிடுங்கள்.

> பிரேக் ஃபேட் – தடை மங்கல்
> வேப்பர் லாக் – ஆவிப்பூட்டு

இவை இரண்டுக்கும் ஊரில் ஒரே பெயர்தான்: 'பிரேக் ஃபெயிலியர்'. ஆனால் வேறு வேறு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு. கீழ் கியரில் வராமல் பிரேக்கிலேயே காலை வைத்து வந்தால் முதலில் லைனிங் சூடாகி உராய்வு குறையும். கருகல் வாசம் வரும். பெடல் காலுக்குக் கெட்டியாகவே இருக்கும், அழுத்தினாலும் வண்டி நிற்காது. இது ஃபேட். சூடு இன்னும் ஏறி வீல் சிலிண்டரில் இருக்கிற பிரேக் ஆயில் கொதித்தால் கதை வேறு. பெடல் தரையைத் தொடும். இது வேப்பர் லாக். டாட் 3 தரத்துப் புது பிரேக் ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்ட பழைய ஆயிலுக்கு 140 டிகிரிதான் உத்தரவாதம். ஆயில் மாற்றியே பல வருடம் ஆன வண்டியில் மலை இறங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சொற்களும் அதைக் காட்ட வேண்டும்.

'மங்கல்' வேண்டாம். மங்குவது விளக்கு. 'தளர்வு' வைக்கலாமா? சூட்டினால் பிடி தளர்கிறது. சூட்டுத்தளர்வு.

———

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். கோவை அண்ணை விளக்கமாக எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்திலும் இந்தச் சொற்கள் உதவும், ஏனென்றால் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் இங்கு இன்னும் ஓடுகின்றன. அம்பாசடரில் இருந்த 1489 சிசி எஞ்சினும் ஏ55 கேம்பிரிட்ஜில் இருந்ததும் ஒரே குடும்பம்தான். எரியும் வரிசைகூட அதே 1-3-4-2.

மிஸ்ஃபயரின் பெயரில் பொறி வரக்கூடாது என்பதை நானும் ஆதரிக்கிறேன். போர்க்காலத்தில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாமல் போனபோது இங்கு கார்களை மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. பொறி வந்துகொண்டேயிருக்கும், எஞ்சின் எரியாமல் திணறும். அரைகுறையாக எரிந்த கரி பிளக்கில் படியும். பிறகு பொறியும் போய்விடும். இதில் எதைப் 'பொறிதப்பல்' என்பது?

பிறேக் பற்றி ஒரு சின்ன மறுப்பு. ஃபேட் ஆகும்போது பெடல் கெட்டியாகவே இருக்கும் என்று அண்ணை எழுதியது டிஸ்க் பிறேக்குக்கு முழுக்கப் பொருந்தும். டிரம் பிறேக்கில் சூடேற, சக்கரத்தோடு சுழலும் டிரம் விரிந்து, லைனிங் ஒட்டிய சூவை விட்டு விலகும். ஆகவே பெடல் ஓரளவு கீழே போகத்தான் செய்யும். ஆனால் கீழே போன இடத்தில் காலுக்குக் கெட்டியாக நிற்கும். ஆயில் கொதித்திருந்தால் அந்தக் கெட்டி இராது. 'எவ்வளவு தூரம் போகிறது' என்பதை விட 'போன இடத்தில் எப்படி இருக்கிறது' என்று பார்ப்பதே நல்ல அடையாளம் என்று எழுதுங்கள்.

'ஆவிப்பூட்டு' பற்றியும் யோசிக்க வேண்டும். வெயிலில் பெற்றோல் குழாய்க்குள் ஆவி உண்டாகி எரிபொருள் ஓடாமல் அடைபடுவதற்கும் வேப்பர் லாக் என்றுதானே சொல்கிறோம்? எரிபொருள் பம்பில் ஈரத்துணி போட்டால் சரியாகும், அது. அங்கே ஆவி உண்மையாகவே வழியை அடைக்கிறது. பிறேக்கில் எதுவும் அடைபடுவதில்லை. ஆவி அமுங்கிக்கொடுக்கிறது, கால் கொடுக்கிற அழுத்தம் சில்லுக்கு (சக்கரத்துக்கு) போய்ச் சேருவதில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க வேண்டாம்.

———

மதுரையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள், கார் ஓட்ட மட்டும் தெரியும். மடல்களைப் படித்ததில் என் வண்டி ஏன் இடப்பக்கம் இழுக்கிறது என்றும் கேட்கத் தோன்றுகிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

'எரிதப்பு' என்று ஒருவர் எனக்குத் தனிமடலில் எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது, புணர்ச்சியில் இடிக்கிறது. 'எரி'யைப் பெயராகக் கொண்டால் ஒற்று மிகுந்து 'எரித்தப்பு' ஆகும். அதை யாரும் ஒழுங்காகப் படிக்க மாட்டார்கள். ஒற்று இல்லாமல் எழுதினால் வினைத்தொகை, 'எரிகின்ற தப்பு'. எரியாததைச் சொல்ல வந்து எரிகிறது என்று முடிகிறது.

பட்டறை வழக்கில் 'மிஸ்ஸிங் அடிக்குது' என்று கோவை நண்பர் எழுதினாரே, அந்த 'அடி'யைப் பிடித்துக்கொள்ளலாம். எரியாமல் வீணாகும் அடி, வெறும் அடி. வெறுமை + அடி = வெற்றடி. வெற்றிடம், வெற்றிலை எல்லாம் இதே விதிதான். பொறியும் இல்லை, எரிபொருளும் இல்லை. காரணம் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வினையாகவும் ஓடும்: 'மூன்றாவது சிலிண்டர் வெற்றடிக்கிறது'. பட்டறையில் சொல்லிப் பார்த்து யாராவது சிரிக்கிறார்களா என்று தெரிவியுங்கள். சிரிக்காவிட்டால் சொல் நின்றுவிடும்.

சூட்டுத்தளர்வு எனக்குச் சரி. 'பிரேக் சோர்வு' என்று சிலர் எழுதுவார்கள், அதை ஏற்க வேண்டாம். சோர்வு என்பது உலோகம் திரும்பத் திரும்ப வளைந்து வலுவிழப்பதற்குப் புழங்குகிறது.

வேப்பர் லாக்கைப் பிரித்தாக வேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. பெட்ரோல் குழாயில் நடப்பது ஆவியடைப்பு. பிரேக் குழாயில் நடப்பது ஆவிநெகிழ்வு.

———

கோவையிலிருந்து:

அம்மா, வெற்றடியைப் பட்டறையில் சொல்லிப் பார்த்தேன். மூத்த மெக்கானிக் ஒருவர் 'வெட்டி அடியா?' என்று கேட்டார். பொருள் மாறவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்ன டிரம் விஷயம் சரிதான், அவர் சொன்னபடியே எழுதிவிடுங்கள்.

வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு: இழுக்கிற பக்கத்தில் பிரேக் பிடிக்கிறது, எதிர்ப்பக்கம்தான் பெரும்பாலும் கோளாறு. இடப்பக்கம் இழுத்தால் முன் வலச் சக்கரத்தைத் திறந்து வீல் சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடித்து நின்றிருக்கிறதா, லைனிங்கில் ஆயில் கசிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரேக்கை விட்ட பிறகும் இழுத்துக்கொண்டே போனால் மட்டும் இடப்பக்கமே பிடிபட்டு நிற்கிறது என்று அர்த்தம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டிரம் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சூட்டிலேயே தெரியும். ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி ஆயிலைத் திரும்ப விடாவிட்டாலும் இப்படி ஆகும். ஹோஸ் வெளியில் புதிது போல இருக்கும், அதில் ஏமாறாதீர்கள்.

———

திருச்சியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. வெற்றடி, சூட்டுத்தளர்வு, ஆவியடைப்பு, ஆவிநெகிழ்வு நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் பட்டறைச் சொல்லையும் பக்கத்தில் போட்டுவிடுவேன்.

பெடல் பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்:

'முதல் மிதியில் பெடல் தாழ்ந்து, அடுத்தடுத்த மிதியில் மேலே வந்தால் அது தாழ்பெடல். மேலே வந்த பெடல் கெட்டியாக இருந்தால் சூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது, அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். வில் போல எகிறினால் குழாயில் காற்று, ஏர் எடுக்க வேண்டும். காலை அழுத்தியபடியே வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால் அது அமிழ்பெடல். ஆயில் மட்டம் குறைகிறதா, சக்கரத்தின் உள்பக்கம் நனைந்திருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கெட்டுப் போயிருக்கிறது. பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சுற்றுதான். ஓரிடத்தில் விட்டால் மொத்தமும் போகும், கையில் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். அமிழ்பெடலோடு வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.'

இன்னொன்று மீதி இருக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும், பொறியே இல்லாமல், சூட்டிலேயே பற்றிக்கொண்டு இன்ஜின் குலுங்கிக் குலுங்கி ஓடுமே, அதற்கு உங்கள் பட்டறைகளில் என்ன சொல்கிறார்கள்?