ராட் பிரேக்: லைனிங் புதிது, பெடல் மட்டும் ஏன் பாதிக்கு மேல் இறங்குகிறது?

வெள்ளவத்தை உறுப்பினர்:

ராட் பிரேக், அதாவது இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடிக்கும் பிரேக், உள்ள கார்களைக் கொழும்பில் இன்னும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவும் என்றுதான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது 1951 போர்ட் பிரிஃபெக்ட், பெரியப்பா வாங்கி ஓடிய கார். நான்கு சக்கரத்துக்கும் கேர்லிங் ராட் பிரேக். பிரேக் ஒயில் கிடையாது, சிலிண்டர் கிடையாது. பெடலை மிதித்தால் காருக்குக் குறுக்கே கிடக்கும் ஷாஃப்ட் திரும்பி ராட்களை இழுக்கும். சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் ஓர் ஆப்பு இழுபட்டு, லைனிங் அடித்த இரண்டு ஷூவையும் விரித்து டிரம்மில் அழுத்தும். 1925இல் அல்பேர்ட் கேர்லிங் காப்புரிமை பெற்ற முறை இது. இங்கிலாந்தில் பிரிஃபெக்டுக்கு ஹைட்ரோலிக், அதாவது ஒயில் அழுத்தத்தில் பிடிக்கும் பிரேக், வந்தது 1953இல், 100ஈ மொடலோடுதான்.

பெடல் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் பிடிக்கும், பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். இதுதான் கோளாறு. ஒரு கராஜில் நாலு சக்கரத்துக்கும் புது லைனிங் அடித்தார்கள். பெடல் ஏறவில்லை. ஏறவில்லை என்றதும் ராட் முனையைத் திருகி நீளத்தைக் குறைத்துவிட்டார்கள். பெடல் உடனே மேலே வந்தது, எங்களுக்கும் சந்தோஷம். ஆனால் காலி வீதி நெரிசலில் பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் காருக்குள் லைனிங் கருகும் வாசம். காலை எடுத்த பிறகும் ஷூ டிரம்மை விட்டு முழுதாக விலகவில்லை. இன்னொரு இடத்தில், “இதெல்லாம் சரிவராது, ஹைட்ரோலிக்குக்கு மாற்றுங்கள்” என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் கிராண்ட்பாஸ் பக்கம் வயதான மெக்கானிக் பாஸ் ஒருவர் அகப்பட்டார். அவர் டிரம்மைத் திறக்கவே இல்லை. காருக்குக் கீழே படுத்துக்கொண்டு, “தம்பி, பெடலைக் கையால மெதுவா அமத்துங்கோ” என்றார். நான் அமர்த்த அமர்த்த, ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு என்னையும் கீழே கூப்பிட்டுக் காட்டினார். ஷாஃப்ட் திரும்புகிறது, ராட் அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் அமர்த்திய பிறகுதான் அசைகிறது. இரண்டையும் கோத்து வைக்கும் இரும்புப் பின்னைக் கழற்றி என் கையில் தந்தார். இரண்டு முனையும் பழைய பருமனில் இருக்க, நடுப்பகுதி உடுக்கை போல ஒடுங்கிக் கிடந்தது. பின் போகும் ஓட்டையும் வட்டமாக இல்லை, நீள்வட்டமாகிவிட்டது.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஓர் இணைப்பில் கால் மில்லிமீற்றர் ஆட்டம் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பெடலிலிருந்து ஒரு சக்கரம் வரை ஆறு இணைப்பு என்று வைத்தால் ஒன்றரை மில்லிமீற்றர். பெடலின் நெம்பு ஐந்து மடங்கு என்றால் காலுக்குக் கீழே ஏழரை மில்லிமீற்றர், இன்னும் பிரேக் தொடங்கவே இல்லை. ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கச் சக்கரம் பிந்திப் பிடிக்கும். வண்டி இழுத்ததற்கும் அதுவே காரணம். லைனிங்குக்குக் கொடுத்த காசு அந்தத் தேய்மானத்தைத் தொடவே இல்லை.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அந்தப் பின்னைத் தேடினேன். காரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். சாம்பிளைக் கையில் கொண்டுபோனால் பெட்டி பெட்டியாகக் கொட்டிக் காட்டுகிறார்கள். கிடைத்தவற்றில் மோட்டார் சைக்கிள் பின்களே அதிகம். அரம் வைத்தால் உடனே இறங்குகிற மெல்லிரும்பை பிரேக்கில் போட விருப்பமில்லை. லேத் பட்டறையில் ஈஎன்8 என்ற உறுதியான இரும்பில் கடைந்து எடுத்தோம். ஓட்டைகளை வட்டமாகக் குடைந்து வெண்கல புஷ் (உள்வளையம்) அடித்தோம். பின் கழன்று விழாமல் பூட்டும் ஸ்பிளிட் பின் எல்லாமே புதிது. பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

அப்புறம் செட் பண்ணும் முறை. பாஸ் சொல்லித் தந்தது இது, கேர்லிங் ராட் பிரேக்குக்குச் சரியான முறையும் இதுதான். நாலு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, ராட்களைக் கழற்றிவிட வேண்டும். டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தட்டில் உள்ள சதுர முனை அட்ஜஸ்டரைத் திருகி ஷூ டிரம்மை இறுக்கிப் பிடிக்கச் செய்ய வேண்டும். அந்த நிலையில், பின் தானாக நழுவி உள்ளே போகும் அளவுக்கு ராட் நீளத்தை அமைக்க வேண்டும். தொய்வும் கூடாது, இழுவையும் கூடாது. பிறகு சக்கரம் தடையில்லாமல் சுற்றும்வரை அட்ஜஸ்டரை ‘டிக்’ சத்தம் கேட்கக் கேட்க எதிர்ப்பக்கம் திருகித் தளர்த்த வேண்டும். இதற்குப் பிறகு லைனிங் தேயத் தேய அட்ஜஸ்டரில்தான் கை வைக்க வேண்டும். ராடைத் தொடவே கூடாது!

இப்போது பிரேக் நேராகப் பிடிக்கிறது. ஓடி வந்ததும் நாலு டிரம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் கூடச் சுட்டால் அதில் ஷூ உரசுகிறது, ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் அது வேலை செய்யவில்லை.

கொட்டாஞ்சேனை உறுப்பினர்:

அண்ணா, என்னிடம் ஒஸ்டின் ஏ35. இதில் முன்னுக்கு ஹைட்ரோலிக், பின்னுக்கு ராட். பின்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சிலிண்டர், அதுவும் சக்கரத்தில் இல்லை, கார் பொடிக்கு அடியில். புது மெக்கானிக்மார் பின் டிரம்மைத் திறந்து சிலிண்டரைத் தேடுவார்கள்! என் காரில் பின் அச்சில் இருந்து இழுவையை இரு சக்கரத்துக்கும் பகிரும் பலன்ஸ் லீவர் துருவில் இறுகி, ஒரு சக்கரம் மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து கிறீஸ் அடித்ததும் சரி. கடற்கரைப் பக்கம் நிறுத்துகிறவர்கள் அந்த லீவரை அடிக்கடி பாருங்கள், உப்புக்காற்று விடாது.

தெஹிவளை உறுப்பினர்:

என்னுடையது மொரிஸ் மைனர், கால் பிரேக் முழுக்க ஹைட்ரோலிக். ஆனால் ஹேண்ட் பிரேக் கேபிள்தான். கேபிள் உறைக்குள் துருப்பிடித்து, லீவரை விட்டாலும் திரும்பாமல் நின்றது. மோட்டார் சைக்கிள் கேபிளைப் போடலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். தயவுசெய்து வேண்டாம். மேட்டில் காரைத் தாங்க வேண்டிய கேபிள் அது. பருமன் பார்த்து, முனையை ஒழுங்காக அழுத்திச் செய்விக்க வேண்டும்.

இன்னொன்று: பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் கொம்பிரசர் காற்று அடித்துத் தூசி பறக்கவிடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். வேலை செய்யும் பையன்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

வெள்ளவத்தை உறுப்பினர்:

அஸ்பெஸ்டஸ் பற்றி எழுதியதற்கு நன்றி தம்பி, அது முதலிலேயே வந்திருக்க வேண்டிய விஷயம். மழை வெள்ளத்தில் ஓடியவர்களுக்கும் ஒன்று: டிரம் நனைந்தால் பிரேக் சட்டென்று பிடிக்காது, காய்ந்த சக்கரம் மட்டும் பிடித்து வண்டி திரும்பும். தண்ணீர் தாண்டியதும் பெடலை லேசாக மிதித்தபடி கொஞ்சத் தூரம் மெதுவாகப் போங்கள், சூட்டில் காய்ந்துவிடும்.

பிரிஃபெக்ட் பின், புஷ் அளவுகளை ஒரு தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். தேவைப்படுகிறவர்கள் கேளுங்கள், படம் எடுத்துப் போடுகிறேன்.