சப்வெர்ஷனிலிருந்து மாறுவதற்கு கிட்டா, மெர்க்கூரியலா?

கேள்வி

வணக்கம். எங்கள் குழுவில் பதினைந்து பேர் நிரல்களின் பதிப்புகளைச் சேமித்து நிர்வகிக்க பல ஆண்டுகளாக சப்வெர்ஷனைப் பயன்படுத்தி வருகிறோம். வாடிக்கையாளர் அலுவலகங்களில் வேலை செய்பவர்களால் நெட்வொர்க் இல்லாத நேரத்தில் கமிட் செய்ய (மாற்றங்களைப் பதிவு செய்ய) முடியாததால், ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும் பரவல் முறைக்கு மாறுவதென முடிவு செய்துள்ளோம். கட்டளைகள் சப்வெர்ஷனை ஒத்திருப்பதால் மெர்க்கூரியல்தான் எளிது என்று பாதிப் பேரும், கிட் போதும் என்று மீதிப் பேரும் சொல்கிறார்கள். ரெப்போவில் (கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தில்) ஃபோட்டோஷாப் கோப்புகளும் ஏராளமாக உள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

பதில் 1

கிட்டைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் கெர்னல் குழுவுக்கு பிட்கீப்பர் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியின் இலவசப் பயன்பாடு நின்றுபோனதால் 2005 ஏப்ரலில் பிறந்தவைதான் இவை இரண்டும். தரத்தில் மெர்க்கூரியல் தாழ்ந்ததே இல்லை. ஆனால் ரெப்போவை எங்கே வைப்பது என்று பார்க்கும்போது நிலைமை வேறு. மெர்க்கூரியலுக்காகவே தொடங்கப்பட்ட பிட்பக்கெட் என்ற ரெப்போ சேவை, 2020-இல் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. 2011-இல் மெர்க்கூரியலுக்கு மாறிய பைத்தான் திட்டம் 2017-இல் கிட் ரெப்போக்களை வைக்கும் கிட்ஹப் தளத்துக்குச் சென்றது. ஜாவாவின் திறமூல வடிவமான ஓபன்ஜேடிகே 2020-இல் கிட்டுக்கு மாறியது. இப்போது மெர்க்கூரியலுக்குப் போனால், சில ஆண்டுகளில் இன்னொரு இடமாற்றத்துக்கும் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

பதில் 2

சொந்த சர்வரில் வைத்துக்கொள்பவர்களுக்கு பிட்பக்கெட் கதை பொருந்தாது. மெர்க்கூரியலில் எனக்குப் பிடித்தது, பொது ரெப்போவுக்குப் புஷ் செய்த (அனுப்பிய) கமிட்டை அது பொதுவானதாகக் குறித்துக்கொண்டு, பிறகு அதைத் திருத்தி எழுத முயன்றால் மறுத்துவிடுவது. கிட்டில் ரீபேஸ் செய்துவிட்டு (கமிட்டுகளை மாற்றி எழுதிவிட்டு) ஃபோர்ஸ் புஷ் கொடுத்தால் (சர்வரில் உள்ளதை மேலெழுதினால்), மற்றவர்கள் அதே பிராஞ்சில் (கமிட்டுகளின் தனித் தொடரில்) சேர்த்த கமிட்டுகள் சர்வரின் பிராஞ்சிலிருந்து சத்தமில்லாமல் விலகிவிடும். கிட்டுக்கே போவதானால், முதன்மை பிராஞ்சில் ஃபோர்ஸ் புஷ்ஷை சர்வரிலேயே தடுத்துவிடுங்கள். பழகும் காலத்தில் எல்லோரையும் எச்சரித்துக்கொண்டிருப்பது நடக்கிற காரியமல்ல.

பதில் 3

கருவியைவிட ஃபோட்டோஷாப் கோப்புகள்தான் உங்களுக்குப் பெரிய தலைவலி. சப்வெர்ஷனில் செக்அவுட் செய்தால் தேவையான பதிப்பு மட்டும் வரும். கிட்டிலும் மெர்க்கூரியலிலும் வழக்கமான குளோன் (ரெப்போவின் முழு நகல்) என்றால் ஒவ்வொரு கோப்பின் எல்லாப் பழைய பதிப்புகளும் கூடவே இறங்கும். பெரிய கோப்புகளுக்கான கிட் எல்எஃப்எஸ் நீட்சியைப் பயன்படுத்தினால், ரெப்போவில் கோப்புக்குப் பதிலாக அதன் ஹாஷும் (அடையாளக் குறியீடும்) அளவும் எழுதிய சில வரிகள் மட்டும் இருக்கும். உண்மைக் கோப்பு தேவைப்படும்போது சர்வரிலிருந்து வரும். அதனால், முன்பே இறக்கிவைக்காத பழைய பதிப்புகள் நெட்வொர்க் இல்லாத இடத்தில் கிடைக்காது. இருவர் செய்த மாற்றங்களைப் படக் கோப்புகளில் மெர்ஜ் செய்ய (ஒன்றாக இணைக்க) முடியாது என்பதால், ஒருவர் திருத்தும்போது கோப்பைப் பூட்டும் வசதியும் தேவை. எல்எஃப்எஸ்ஸில் அது உண்டு என்றாலும், உங்கள் சர்வர் அதை ஆதரிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

என்னைக் கேட்டால், படங்களை சப்வெர்ஷனிலேயே விட்டுவிட்டு நிரல்களை மட்டும் கிட்டுக்குக் கொண்டுபோகலாம். சப்வெர்ஷன் ரெப்போவைக் கிட்டுக்கு மாற்றும் கிட்-எஸ்விஎன் கருவி மூலம் மாற்றும்போது, சப்வெர்ஷன் பயனர்பெயர் ஒவ்வொன்றுக்கும் முழுப்பெயரும் மின்னஞ்சலும் கொண்ட பட்டியலை முன்கூட்டியே தயாரித்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டுச் சென்றவர்களின் பெயர்களும் அதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இறக்குமதி பாதியில் நின்றுவிடும். பழைய டேக்குகள் (குறிப்பிட்ட பதிப்புகளுக்கு இட்ட பெயர்கள்) பிராஞ்சுகளாகத்தான் வந்துசேரும், அவற்றைத் தனியாக மாற்ற வேண்டும்.